விழுங்கினால்தான் தெரியும்

ஆறாம் தட்டிலிருந்த வெண்ணெய் பிஸ்கட்டை உடைத்து நாக்கில் வைத்தான். கரைய விட்டு, மேலண்ணத்தில் ஒருமுறை தேய்த்துப் பார்த்தான். இனிப்பு சரி, உப்பு சரி, மாவும் வெந்திருக்கிறது. கதவு சாத்தியிருக்கிறதா என்று ஒரு பார்வை பார்த்துவிட்டுக் காகிதக் குவளையில் துப்பினான். வெந்நீரில் வாயைக் கொப்பளித்துவிட்டுப் படிவத்தில் ஆறுக்கு நேரே 'சரி' போட்டான். ருசி பார்க்கும் அறையில் எப்போதும் சிவப்பு விளக்குதான். பிஸ்கட்டின் நிறத்தைப் பார்த்து மனசு ஏமாந்துவிடக் கூடாதாம். நாளெல்லாம் அதிலேயே இருந்துவிட்டு வெளியே வந்தால் கொஞ்ச நேரம் மனுசர்கள் எல்லாம் பச்சையாகத் தெரிவார்கள்.

துப்புவது இந்த வேலையில் பெரிய குற்றம். வெண்ணெய் கெட்டிருந்தால் அந்தச் சிக்கு வாடை நாக்குக்குத் தெரியாது. விழுங்கிய பிறகு, மூச்சு மூக்கு வழியாக வரும்போதுதான் பிடிபடும். அதனால் ஒரு நாளைக்கு நாற்பது துண்டுகள், நாற்பதும் வயிற்றுக்குள் போயாக வேண்டும். நாலு வருசமாக அப்படித்தான் போனது. தொழிற்சாலையில் அவனுக்கு 'நாக்கு' என்றே பெயர் விழுந்துவிட்டது. வீட்டில் மட்டும் இந்தக் கதை தெரியாது. படித்த பையன் பிஸ்கட் தின்று சம்பளம் வாங்குகிறான் என்று எந்த வாயால் சொல்வது? தரம் பார்க்கிற வேலை என்று சொல்லி வைத்திருந்தான். அம்மா மனசுக்குள் ஒரு வெள்ளைக் கோட்டும் ஒரு பெரிய மெஷினும் தானாக வந்து உட்கார்ந்துகொண்டன.

அப்பா நாற்பத்து மூன்று வயதில் ஷூ நாடாவைக் கட்டக் குனிந்தவர், நிமிரவே இல்லை. மகனுக்கு இருபத்தாறு முடிந்ததும் அம்மா அவனை இழுத்துப் போய் ரத்தம் கொடுக்க வைத்தாள். கெட்ட கொழுப்பு நூற்று எண்பத்தாறு. "மூணு மாசம் வாயைக் கட்டுங்க, தினமும் நடங்க. அப்பவும் குறையலைன்னா மாத்திரைதான்" என்றார் டாக்டரம்மா.

அவ்வளவுதான், அம்மா களத்தில் இறங்கிவிட்டாள். எண்ணெய் பாட்டில் பக்கத்து வீட்டுக்குப் போனது. முட்டையின் மஞ்சள் கரு பூனைக்குப் போனது. பூனை கொழுத்தது. விடிந்தால் முழங்கால் வலியோடு செருப்பை மாட்டிக்கொண்டு அவனுக்கு முன்னால் வாசலில் நிற்பாள். வேகவைத்த காய்தான் அவளுக்கும். "நீயாவது ஒழுங்கா சாப்பிடேம்மா" என்றால், "நீ திங்காதத நான் மட்டும் தின்னா எனக்கு இறங்குமாடா?" என்பாள். அந்த முகத்தைப் பார்த்துவிட்டு வந்துதான் அவன் துப்ப ஆரம்பித்தான்.

ஐந்து வாரம் ஓடியது. ஆறாவது வாரம் கடைகளிலிருந்து பெட்டி பெட்டியாகப் பிஸ்கட் திரும்பி வந்தது. எல்லாம் கெட்ட வெண்ணெய். படிவத்தில் வரிசையாக அவன் போட்ட 'சரி'. மேற்பார்வையாளரை எல்லாரும் மீசை என்பார்கள், மீசையை எடுத்துப் பத்து வருசமான பிறகும். மனுசன் குப்பைத்தொட்டியைக் கையிலேயே தூக்கிக்கொண்டு வந்தார்.

"துப்புனியா?"

அவன் தொட்டிக்குள் கிடந்த காகிதக் குவளைகளைப் பார்த்தான்.

"உடம்புக்கு ஏதாச்சும்னா சொல்லிடுப்பா. வேற ஆளப் போட்டுக்கறேன்."

"என்னை வேற எங்கயாவது போடுவீங்களா சார்?"

"வேற எங்க போடறது? எல்லாத்துக்கும் மெஷின் வந்தாச்சு. இந்த ஒண்ணுக்குத்தான் இன்னும் வரல." குரல் தணிந்தது. "அடுத்த மாசம் உன்னை நிரந்தரமாக்கப் பேர் அனுப்பியிருக்கேன். கெடுத்துக்காத."

"உடம்புக்கு ஒண்ணுமில்ல சார்" என்றான். சொன்ன வாயில் அறைய வேண்டும்போல் இருந்தது. சொல்லாமல் என்ன செய்வான், வீட்டில் சம்பாதிக்கிறது அவன் ஒருத்தன்தான்.

மறுநாளிலிருந்து கதவு திறந்தே கிடந்தது. ஒவ்வொரு துண்டுக்கும் மீசை வாசலில் நின்று, "எங்க, ஆ காட்டு" என்பார். வளர்ந்த ஆண்பிள்ளை வாயைத் திறந்து, நாக்கைத் தூக்கி, இந்தப் பக்கம் அந்தப் பக்கம் காட்டினான். போதாததற்கு வாரத்தில் இரண்டு நாள் கேக் கிரீமும் சேர்ந்துகொண்டது. காலையில் அம்மாவோடு ஒரு மணி நேரம் நடந்து கரைத்ததைப் பத்தரை மணிக்குள் நிரப்பிவிடுவார்கள். ராஜினாமா கடிதம் ஒன்றை மூன்று முறை எழுதினான், மூன்று முறையும் கிழித்தான். ஓடிப்போய்விடலாம் என்றுகூட நினைத்தான். எங்கே ஓடுவது? ஓடுகிற இடத்துக்கும் அம்மா செருப்பை மாட்டிக்கொண்டு கூடவே வருவாள்.

மூன்று மாதக் கெடு முடிந்ததும் மறுபடி ரத்தம் கொடுத்தான். நூற்றுத் தொண்ணூற்று நாலு.

டாக்டரம்மா தாளை இரண்டு முறை படித்தார்.  அம்மா பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்து மேசையில் வைத்தாள். அவன் அதைப் பார்ப்பது அதுதான் முதல் தடவை. மூன்று மாதம், மூன்று வேளை, அவன் தட்டில் விழுந்தது எல்லாம் தேதி போட்டு அவள் கையெழுத்தில் இருந்தது.

"நீங்களே பாருங்கம்மா. ஒரு சொட்டு எண்ணெய் இல்ல. நான்தான் எங்கயோ தப்பு பண்றேன். இனிமே தேங்காயையும் விட்டுடறேன், பாலையும் விட்டுடறேன். அவங்கப்பாவைத்தான் கவனிக்காம விட்டேன்..." முந்தானையை எடுத்துக் கண்ணில் வைத்துக்கொண்டாள்.

அவனுக்கு நெஞ்சை அடைத்தது. அடைத்தது கொழுப்பா குற்றமா என்று அவனுக்கே தெரியவில்லை. அந்த நோட்டைப் பிடுங்கித் தூக்கி எறிய வேண்டும், இல்லை அவள் காலில் விழ வேண்டும். இரண்டையும் செய்யாமல் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"அழாதீங்கம்மா. உங்க மேல தப்பே இல்ல. சில குடும்பத்துல இது ரத்தத்துலயே வரும். மாத்திரை எழுதறேன், குறையும்." டாக்டரம்மா நோட்டைப் புரட்டிக்கொண்டே போனார். ஒரு பக்கத்தில் விரலை நிறுத்தினார். "ஆனா இவ்வளவு கட்டுப்பாட்டுக்குக் கொஞ்சமாவது இறங்கியிருக்கணுமே. ஏறியிருக்கு. இதுல காலையும் ராத்திரியும் சரி. மத்தியானம் டப்பா கட்டிக் குடுத்ததுன்னு எழுதியிருக்கீங்க. வேலை நேரத்துல வேற என்ன சாப்பிடறார்?" அவன் பக்கம் திரும்பினார். "என்ன வேலைப்பா உனக்கு?"

"பெரிய கம்பெனிங்கம்மா" என்றாள் அம்மா, கண்ணைத் துடைத்தபடி. அந்த நிலைமையிலும் குரலில் ஒரு பெருமை. "தரம் பாக்குற வேலை."

"எதோட தரம்?"

அம்மா அவன் பக்கம் திரும்பினாள். நாலு வருசத்தில் அவளுக்கு அதைக் கேட்கத் தோன்றவே இல்லை.

"நீயே சொல்லேண்டா" என்றாள். நோட்டைத் தன் பக்கம் இழுத்து எழுதாத பக்கமாகத் திருப்பி, பேனா மூடியைப் பல்லால் கழற்றிக்கொண்டு, எழுதுவதற்குத் தயாராக அவன் முகத்தைப் பார்த்தாள்.