நடுவில் உட்கார்ந்தவள்

ஞாயிற்றுக்கிழமை மதியம் என்றால் வெர்னா வீட்டுச் சாப்பாட்டு மேசைதான். ஏரிக்கரை ஊரான ஷெபாய்கனில், காற்று எலும்பைக் குடைகிற ஜனவரியிலும் அது தவறியதில்லை. ரோலண்டும் அவன் மனைவி ஜோலீனும் பியரோடு வருவார்கள். லைல் ஒரு பை நிறையச் சீஸ் கட்டிகளோடு வருவான். பிறகு பகடையை உருட்டிக்கொண்டு வாயாலேயே ஒரு சாகசக் கதையை நடத்துவார்கள். ரோலண்ட் திருடன், ஜோலீன் மந்திரக்காரி, லைல் கோடாரி வீரன். மிச்சமிருந்த உலகம் முழுக்க வெர்னா. அரசனும் அவள்தான், அரக்கனும் அவள்தான், மழை பெய்ய வேண்டுமென்றாலும் அவள்தான் பெய்ய வேண்டும்.

அதில் அவளுக்கு அலுப்பில்லை. மேசைக்கு வெளியே நடப்பதுதான் அவளை அரித்தது. தேதி ஒத்துவராவிட்டால் அவளுக்குப் போன். ஒருவர் சொன்னது இன்னொருவரைச் சுருக்கென்று குத்திவிட்டால் அவளுக்குப் போன். வாரமெல்லாம் பள்ளிப் பேருந்து ஓட்டி, பின்னால் கத்துகிற பிள்ளைகளை அதட்டி ஓய்ந்து வந்து செருப்பைக் கழற்றும்போதுதான் போன் அடிக்கும்.

அன்று போனில் ரோலண்ட்.

"நேராவே சொல்லிடறேன் வெர்னா. ஒண்ணு லைல் இருக்கட்டும், இல்ல நாங்க இருக்கோம்."

"இப்ப என்னப்பா ஆச்சு?"

"என்ன ஆச்சா? நான் பேசிட்டே இருக்கேன், நடுவுல பூந்து அவன் பாட்டுக்குப் பேசறான். என் திருடன் பூனை மாதிரி பதுங்கிப் போறான், இவன் கோடாரியால கதவைப் பொளந்துட்டு நிக்கறான்! ஜோலீன் எது சொன்னாலும் காதுலயே போட்டுக்கறதில்ல. உன் மூஞ்சிய மட்டும் பாத்துப் பேசறான். நாங்க என்ன நாற்காலியா?"

"அவன்கிட்ட இதைச் சொன்னியா?"

"நான் ஏன் சொல்லணும்? நடத்தறது நீதானே. நீதான் சொல்லணும்."

அடுத்த அரை மணியில் ஜோலீன், தணிந்த குரலில். "ரோலண்டுக்குத் தெரிய வேணாம். லைலை நெனச்சா பாவமாத்தான் இருக்கு. ஆனா என்னாலயும் முடியல வெர்னா. நீ எப்படியாவது பக்குவமா சொல்லி அனுப்பிடேன்."

பக்குவமா. அந்த வார்த்தையைக் கேட்டதும் வெர்னாவுக்குத் தலை வலித்தது.

புதன்கிழமை பேருந்தை நிறுத்திவிட்டு நேராக லைல் வீட்டுக்குப் போனாள். முதுகைக் காட்டியபடி வாசலில் பனியை வாரிக்கொண்டிருந்தான். "லைல்" என்றாள். திரும்பவில்லை. இன்னொரு தடவை கூப்பிட்டாள். மண்வெட்டி நிற்கவில்லை. விஷயம் இவன் காதுக்கு முன்பே வந்துவிட்டதா, கோபமாக இருக்கிறானா என்று நினைத்தாள். கடைசியில் பேருந்தில் போடுகிற சத்தம் போட்டாள்.

துள்ளித் திரும்பினான். "அடடே, நீயா! எப்ப வந்த?"

உள்ளே காப்பி ஊற்றிக் கொடுத்தான். முன்கூட்டியே அடுக்கி வைத்திருந்த வார்த்தைகளை அவள் எடுக்கப் போனாள். அவன் கண் தன் உதட்டிலேயே இருப்பதை அப்போதுதான் கவனித்தாள்.

"லைல், உனக்குக் காது கேக்குதா?"

கோப்பையைச் சுற்றிச் சுற்றி வைத்தான். குழாய்த் தொழிற்சாலையில் இத்தனை வருஷமாக உலோகத்தை அடித்து உருவாக்கும் இயந்திரத்தின் பக்கத்திலேயே வேலை. இடது காது எப்போதோ போய்விட்டதாம். வலதும் இந்த ஒரு வருஷமாக அடைத்துக்கொண்டு வருகிறதாம்.

"உன் குரல் மட்டும் நல்லா கேக்குது. கொழந்தைங்களை அதட்டி அதட்டி உனக்கு அப்படி ஒரு தொண்டை. மத்தவங்க வாய் அசையறது தெரியும், அவ்வளவுதான். நீ சொல்றதை வெச்சு ஊகிச்சுக்குவேன். பேச்சு நின்னுடுச்சுன்னு நெனச்சு நான் ஆரம்பிச்சுடுவேன்."

"சொல்லியிருக்கலாமே, மடையா!"

"கெழவன்னு கிண்டல் பண்ணுவாங்க." பிறகு தலையைத் தூக்கி, "நீயே அவங்ககிட்ட சொல்லிடேன் வெர்னா. பக்குவமா."

சொல்கிறேன் என்று வாய் வரை வந்துவிட்டது. அத்தனை வருஷப் பழக்கம். ஆனால் உடம்பு அதற்குமேல் நகர மறுத்தது. அவர்கள் சேதியை இவனிடம், இவன் சேதியை அவர்களிடம், பிறகு அவர்கள் வருத்தத்தை மறுபடி இவனிடம்.

"முடியாது. அவங்களும் உன்னைப் பத்தி என்கிட்டதான் சொல்றாங்க, நீயும் என்கிட்டதான் சொல்ற. நான் ஒருத்தி எத்தனை பேருக்குத்தான் வாயா இருக்கறது? ஞாயித்துக்கிழமை வா. நீயே சொல்லு."

காரில் ஏறியதும் குற்றவுணர்ச்சி பிடித்துக்கொண்டது. இறங்கிப் போய்ச் சரி என்று சொல்லிவிடலாமா என்றுகூடத் தோன்றியது. போகவில்லை.

ஞாயிற்றுக்கிழமை லைல் வந்தான். வாசலில் அவனைப் பார்த்ததும் ரோலண்ட் வெர்னாவை முறைத்தான். அவள் பாட்டுக்குத் தட்டில் சாசேஜை எடுத்து வைத்தாள். ஆட்டம் தொடங்கியது. பாழடைந்த கோட்டை ஒன்று, உள்ளே தூங்குகிற காவலாளிகள். ரோலண்ட் குரலைத் தாழ்த்தி, தன் திருடன் சுவரோரமாக ஊர்ந்து போவதை அனுபவித்துச் சொல்லிக்கொண்டிருந்தான்.

"நான் கொம்பு ஊதறேன்!" என்றான் லைல்.

ரோலண்ட் பகடையை மேசையில் அறைந்தான். "வெர்னா, இவன்கிட்ட நீ இன்னும் சொல்லலியா?"

"சொல்லல."

"ஏன்?"

"ரெண்டு பேரும் ஒரு மேசையிலதானே உக்காந்திருக்கீங்க. அவன் மூஞ்சியப் பாத்து நீயே சொல்லு."

ரோலண்டின் காது மடல் சிவந்தது. தட்டைப் பார்த்துக்கொண்டே எதையோ முணுமுணுத்தான்.

"கேக்கல" என்றான் லைல்.

"கேக்காது! நாங்க பேசினா உனக்கு எப்பக் கேட்டிருக்கு?"

"இல்ல ரோலண்ட். நெஜமாவே எனக்குக் கேக்கல."

லைல் வலது காதைத் தொட்டுக் காட்டித் தட்டுத் தடுமாறிச் சொன்னான், வெர்னாவிடம் சொன்னதில் பாதியைத்தான். இடையில் இரண்டு தடவை அவளைப் பார்த்தான், எடுத்துக் கொடுப்பாளா என்று. உதட்டைக் கடித்துக்கொண்டு அவள் பேசாமல் இருந்தாள். அன்று அவள் பட்ட பாட்டிலேயே அதுதான் பெரிய பாடு.

ஜோலீன் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ரோலண்ட் பியரை ஒரு மடக்குக் குடித்துவிட்டு வெகுநேரம் தாடையைச் சொறிந்தான்.

"என் அப்பா காதுல உருளைக்கெழங்கு சைஸ்ல ஒரு மெஷின் மாட்டிக்கிட்டு இருந்தாரு," என்றான், இப்போது உரக்க. "அதுல ரேடியோகூடக் கேக்கும்னு ஊரெல்லாம் பொய் சொல்வாரு. இப்பல்லாம் சின்னதா வருது, முட்டாளே."

லைலுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ரோலண்ட் சிரிக்கவில்லை, ஆனாலும் நாற்காலியை இழுத்து லைலின் வலப்பக்கம் போட்டுக்கொண்டான்.

மூன்று வாரம் கழித்துக் கடையில் ரொட்டி வாங்கும்போது ஜோலீன் எதேச்சையாகச் சொன்னாள். ரோலண்டே லைலைக் காது டாக்டரிடம் கூட்டிப்போனானாம். கருவிக்கு அளவு கொடுத்தாயிற்றாம். திரும்பும் வழியில் இருவரும் ஏரிக்கரையில் மீன் வறுவல் சாப்பிட்டார்களாம்.

"என்கிட்ட யாரும் சொல்லவே இல்லையே" என்றாள் வெர்னா.

"உன்கிட்ட எதுக்கு? அதான் அவங்களே பாத்துக்கிட்டாங்களே."

தோளிலிருந்து ஒரு மூட்டையை இறக்கியது போல இருந்தது. கூடவே, அழைக்காத கல்யாணத்தைப் பற்றிக் கேள்விப்பட்டது போலவும் இருந்தது. இரண்டில் எது அதிகம் என்று யோசிக்கக்கூடத் தெம்பில்லை. ஞாயிற்றுக்கிழமைக்கு சாசேஜ் வாங்க வேண்டும். ஆட்டத்தில் அந்தக் கோட்டைக்கு அப்பால் என்ன இருக்கிறது என்று அவள் இன்னும் முடிவு செய்திருக்கவில்லை. பணம் கொடுக்க வரிசையில் போய் நின்றாள்.