ஆமாம் சாமி போடும் இயந்திரம்

எரிச்சல் என்றால் சாதாரண எரிச்சல் இல்லை. தனியாக இருக்கும் பெரியவர்களுக்குப் பேச்சுத் துணையாக அவள் வடிவமைத்த ரோபோவை, வாங்கிப் போனவர்கள் எல்லாம் ஒருவர் பின் ஒருவராகத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். ஏன் என்று கேட்டால், "நல்லாத்தாம்மா இருக்கு, ஆனா வேணாம்" என்கிறார்கள். இந்தப் பதிலை வைத்துக்கொண்டு நாக்கு வழிக்கவா?

மிச்சம் இருந்தது அவள் அப்பா ஒருவர்தான். லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். அம்மா போன பிறகு தனியாக இருக்கிறார். அவரும் வேண்டாம் என்றால் மொத்தத் திட்டத்தையும் இழுத்து மூடிவிடுவதாக மேனேஜர் கறாராகச் சொல்லிவிட்டார். அப்புறம் அவள் வேலையும் அம்போதான்.

அப்பா வீட்டுக்குப் போய்ப் பார்த்தால், ரோபோ செருப்பு அலமாரி மேல் சுவரைப் பார்த்தபடி நிற்கிறது.

"என்னப்பா இது? வேலை செய்யலையா?"

"ஓஹோன்னு செய்யுது. லிஃப்டுக்கு ஒரே கயிறுதான், அதுவும் சணல் கயிறுன்னு சொல்லிப் பாத்தேன். 'நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்'னுச்சு. மூணாவது மாடியில யானை குடிவந்திருக்குன்னேன். 'அப்படியா, ரொம்ப சந்தோஷம்'னுச்சு. இதுகூட மனுஷன் பேசுவானா?"

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பெரியவர்கள் மனம் நோகக் கூடாது, எதிர்த்து ஒரு வார்த்தை வரக் கூடாது என்றுதானே மாதக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொண்டாள்!

"எதிர்த்துப் பேசினா உங்களுக்குக் கோவம் வராதா?"

"வரட்டுமே! உங்கம்மாவும் நானும் சண்டை போடாத நாள் உண்டா? சண்டை போடணும்னா நான் சொல்றத அவ காது குடுத்துக் கேட்டாகணும்ல? இது எங்க கேக்குது? சும்மா ஆமாம் சாமி போடுது. எடுத்துட்டுப் போயிடும்மா. எனக்கு ஒண்ணு போதும்."

"ஒண்ணா? இன்னொண்ணு எங்க இருக்கு?"

"போன்லதான். வாரா வாரம் பேசுதே! 'அப்படியாப்பா, சரிப்பா, பாத்துக்கோங்கப்பா.'"

அவளுக்குச் சுருக்கென்றது. மேனேஜர், வேலை எல்லாம் மறந்தே போயிற்று.

"அநியாயமாப் பேசாதீங்கப்பா! எத்தனை வேலைக்கு நடுவுல கூப்பிடறேன் தெரியுமா? நீங்க சொல்றத ஒண்ணு விடாமத்தான் கேக்கறேன்!"

"அப்படி வா வழிக்கு!" அப்பா நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். சண்டைக்கு ஆள் கிடைத்துவிட்ட உற்சாகம் அவருக்கு. "போன வாரம் போன்ல உன்கிட்ட என்ன சொன்னேன்? சொல்லு பாப்போம்."

அவள் வாயைத் திறந்தாள். முழங்கால் வலி என்றாரா? பக்கத்து வீட்டுக்காரர் காலி செய்வதைப் பற்றியா? என்னவோ ஒன்றை ரொம்ப நேரம் சொன்னார். அவள் அப்போது கம்ப்யூட்டரில் ரோபோவின் குரலைக் கனிவாக்கிக்கொண்டிருந்தாள்.

அப்பா கண்ணெடுக்காமல் காத்திருந்தார். எவ்வளவு யோசித்தும் அவளுக்கு ஒரு வார்த்தைகூட ஞாபகம் வரவில்லை.