அப்பாவுக்கு மேல் ஐந்து லேயர்

டமார்!

கண்ணாடிக் கதவு சுவரில் மோதிய சத்தத்தில் பவுடரின் கை நழுவியது. கணினித் திரையில் இருந்த மணப்பெண்ணுக்கு மூக்கிலிருந்து காது வரை ஒரு கறுப்புக் கோடு விழுந்தது.

திரும்பிப் பார்த்தான். ஆளுயரச் சட்டம் போட்ட புகைப்படம் ஒன்று தானாக நடந்து உள்ளே வந்துகொண்டிருந்தது. கீழே இரண்டு கால்கள் தெரிந்ததால்தான் பின்னால் ஆள் இருப்பது புரிந்தது. கால்கள் படியில் தடுமாற, சட்டத்தின் மூலை வாசல் நிலையில் இடித்துக் கண்ணாடி பொலபொலவென்று உதிர்ந்தது.

"போச்சு! மாமா படத்துக் கண்ணாடி உடைஞ்சிருச்சு," என்றது சட்டத்துக்குப் பின்னாலிருந்து ஒரு குரல்.

"உடையல மாப்பிள்ளை. உடைச்சிட்டீங்க," என்றபடி பின்னால் ஒருவர் வந்தார். சட்டத்துக்குள் இருந்தவருக்கு மகன் என்று சொல்லத் தேவையில்லை. அதே மூக்கு, அதே முறைப்பு. அவருக்குப் பின்னால் அவருடைய தங்கை. கடைசியாக, யாருக்கும் இடைஞ்சல் இல்லாமல் சுவரோரமாக, அம்மா.

பவுடர் என்பது அவனுக்கு நண்பர்கள் வைத்த பெயர். புகைப்படத்தை டிஜிட்டல் ஓவியமாக மாற்றித் தருவது தொழில். அவன் கைக்கு வந்த எந்த முகமும் பவுடர் பூசாமல் வீடு திரும்பியதில்லை. ஒரு முகத்திலிருந்து இருபது வயதை உருவி எடுத்துவிட்டு, "நேச்சுரலா வந்திருக்கு பாருங்க" என்பான். இதுவரை ஒருவரும் மறுத்ததில்லை.

"எங்க அப்பா. போன வருஷம் தவறிட்டார்," என்றார் மகன். "புது வீட்டுல டைனிங் டேபிளுக்கு நேரா பெரிய சுவர் ஒண்ணு காலியா இருக்கு. அங்க மாட்டணும். ஞாயித்துக்கிழமை சொந்தக்காரங்க எல்லாம் வர்றாங்க."

"ஆனா அம்மா சரின்னு சொன்னாதான் மாட்டணும்," என்றாள் தங்கை. "தினம் மூணு வேளையும் அதுக்கு எதிர்ல உட்கார்ந்து சாப்பிடப்போறது அவங்கதானே. அம்மாவுக்குப் பிடிக்கணும், அதான் முக்கியம்."

சொல்லிவிட்டு, அம்மா உட்காரவிருந்த ஒரே நாற்காலியில் தன் கைப்பையை வைத்தாள்.

பவுடர் படத்தைப் பார்த்தான். பெரிய அலுவலகத்தின் பெரிய நாற்காலியில் எடுத்தது. நேராகக் கேமராவைப் பார்க்கிற கண்கள். எடுத்த புகைப்படக்காரர் பிறகு தொழிலை விட்டிருந்தாலும் ஆச்சரியமில்லை.

"பார்வைல மட்டும் கை வெச்சிடாதீங்க தம்பி," என்றார் மகன் பெருமையாக. "அவர் நிமிர்ந்து பார்த்தா ஆபீஸ்ல மின்விசிறி கூட மெதுவாத்தான் சுத்தும்."

"எங்களை ஒரு அடி அடிச்சதில்ல தெரியுமா?" என்றாள் தங்கை. "ஒரு பார்வை பார்ப்பார். அவ்வளவுதான். கங்காரு மாதிரி துள்ளிட்டிருந்தவங்க கல்லு மாதிரி ஆயிடுவோம்."

"தங்கமான மனுஷன்," என்று மாப்பிள்ளை முடித்துவைத்தார். கண்ணாடித் துண்டுகளைச் செருப்பால் மேசைக்கு அடியில் தள்ளிக்கொண்டிருந்தார்.

அம்மா சுவரோரமாகவே நின்றார்கள்.

குடும்பப் படங்களுக்குப் பவுடர் ஒரு முறை வைத்திருந்தான். அசல் புகைப்படத்தை அடியில் போட்டுப் பூட்டிவிடுவான். அதை யாரும் தொட முடியாது. அதற்கு மேல் கண்ணாடித்தாள் அடுக்குவதுபோல ஒவ்வொரு லேயராகப் போடுவான். யார் என்ன மாற்றம் கேட்டாலும் அது அவர் பெயரில் தனி லேயர். நாளைக்கு அண்ணன் தம்பிக்குள் சண்டை வந்தால், பக்கத்திலிருக்கும் சின்னக் கண் படத்தை ஒரு தட்டு தட்டினால் போதும், அண்ணன் கேட்டது மறைந்துவிடும். நீதிமன்றத்தில் பல வருஷம் ஆகிற காரியம்.

முதல் லேயர் அவனுடையது. தோலின் போக்கிலேயே தூரிகை இழுத்து, கன்னத்தில் வெளிச்சம் ஏற்றி, கழுத்துச் சுருக்கத்தை நீவிவிட்டான். புகைப்படம் ஓவியமானது. அதை அனுப்பிவைத்ததும் போன் அடித்தது.

"மீசை மெலிசா இருக்கே தம்பி," என்றார் மகன். "கொஞ்சம் கெத்தா வைங்க."

'மகன் மீசை' என்று ஒரு லேயர் ஏறியது.

அடுத்து தங்கை. "அப்பாவுக்கு முன்னாடி முடி நிறைய இருக்கும். நான் ஸ்கூல் போறப்ப பார்த்திருக்கேன்." எந்த வகுப்பு என்று அவள் சொல்லவில்லை. எல்.கே.ஜி.யாக இருக்கும் என்று பவுடரே முடிவு செய்துகொண்டான். 'மகள் முடி' ஏறியது.

மாப்பிள்ளை மனைவிக்குத் தெரியாமல் தனியாகப் பேசினார். "பின்னாடி அலமாரி வேணாங்க. மலை வைங்க. பனி விழுந்த மலை. ஒரு கம்பீரம் வேணாமா?"

"சார் மலைக்கெல்லாம் போயிருக்காரா?"

"மாடி ஏறினாலே மூச்சு வாங்கும். அதனாலதான் சொல்றேன். இப்பவாவது போகட்டும்."

'மாப்பிள்ளை மலை' ஏறியது.

ஒவ்வொரு தடவையும் படம் அம்மாவிடம் காட்டப்பட்டது. ஒவ்வொரு தடவையும் ஒரே பதில் வந்தது. "அவர் மாதிரியேதான் இருக்கு. இன்னும் கொஞ்சம் மாத்திப் பார்க்கச் சொல்லுங்க."

'எங்க அப்பா மாதிரி இல்லையே' என்று குறை சொல்லும் வாடிக்கையாளர்கள் பவுடருக்குப் பழக்கம். அப்படியே இருக்கிறது என்று குறை சொல்லும் ஒருவரை இப்போதுதான் பார்க்கிறான். பாவம், அம்மாவுக்கு இந்த அலங்காரமெல்லாம் பிடிக்கவில்லை, உண்மையான முகத்தைத்தான் தேடுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டான். நினைக்க நன்றாகத்தான் இருந்தது.

சனிக்கிழமை நால்வரும் நேரில் வந்தார்கள். பெரிய திரையில் படத்தைப் போட்டான்.

"அட!" மாப்பிள்ளை இடமும் வலமுமாக நடந்து பார்த்தார். "மச்சான், இங்க நின்னாலும் என்னைத்தான் பார்க்கிறார். அங்க போனாலும் என்னைத்தான்!"

"அதுதான் வேலைத்திறமை," என்றான் பவுடர். புகைப்படத்தில் ஏற்கெனவே இருந்ததை அவன் சொல்லவில்லை.

அம்மா தன் நாற்காலியைக் கொஞ்சம் நகர்த்திப் போட்டுக்கொண்டார்கள். நிமிர்ந்து பார்த்தார்கள். மறுபடியும் நகர்த்தினார்கள்.

"என்னம்மா, ஓகேயா?" மகனுக்கு அவசரம்.

"அவர் மாதிரியேதான் இருக்கு," என்றார்கள் அம்மா, தரையைப் பார்த்து.

"அப்ப வேறென்னதாம்மா வேணும்? நாளைக்கு எல்லாரும் வந்து வெத்துச் சுவரைப் பார்த்துட்டா போவாங்க?"

பவுடர் தன் கண்டுபிடிப்பைக் காட்டும் நேரம் வந்துவிட்டது என்று நினைத்தான். "சார், நான் ஒண்ணு பண்றேன்," என்று மலையை எடுத்தான். முடியை எடுத்தான். மீசையை எடுத்தான். கடைசியாகத் தன் ஓவியத்தையும் மறைத்தான். பூட்டி வைத்த அசல் முகம் திரை முழுக்க வந்து நின்றது.

அம்மா சட்டென்று எழுந்து நின்றுவிட்டார்கள். முந்தானையை இழுத்துத் தோளில் போட்டுக்கொண்டார்கள், யாரோ பெயர் சொல்லிக் கூப்பிட்டதுபோல.

"பாருங்க, அம்மாவுக்கு அப்பா ஞாபகம் வந்துடுச்சு," என்று தங்கை மூக்கை உறிஞ்சினாள்.

பவுடருக்கு அது ஞாபகமாகத் தெரியவில்லை. அவசரமாக எல்லா லேயரையும் திரும்பப் போட்டான்.

அந்த நேரம் வாட்ச்மேன் கதவைத் தட்டி, கார் வழியை மறிக்கிறது என்றார். ஒரு காரை எடுக்க மூன்று பேர் போனார்கள். ஒருவர் ஓட்ட, மற்ற இருவர் குறை சொல்ல.

அறையில் அம்மாவும் அவனும் மட்டும்.

"தம்பி, அவங்க எல்லாரும் ஒண்ணொண்ணு கேட்டாங்களே," என்றார்கள் மெதுவாக. "நானும் ஒண்ணு கேக்கலாமா?"

"உங்களுக்காகத்தானேம்மா இந்தப் படமே. கேளுங்க."

"அவர் பார்வையைக் கொஞ்சம் அந்தப் பக்கமா திருப்ப முடியுமாப்பா?"

"திருப்பினா அவர் உங்களைப் பார்க்கிற மாதிரி இருக்காதும்மா."

"ஆமாப்பா."

பவுடர் அதற்கு மேல் கேட்கவில்லை. 'அம்மா' என்று ஒரு புது லேயர் திறந்தான். பார்வையில் கை வைக்கக் கூடாது என்ற கட்டளை காரோடு வெளியே போயிருந்தது. கருவிழிகளைப் பிரித்தெடுத்து ஓரமாக நகர்த்தினான். காலியான இடத்தில் வெள்ளையை நிரப்பினான். புருவ முடிச்சைத் தளர்த்தினான். அப்பா இப்போது மலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மாப்பிள்ளையின் மலைக்கு முதன்முறையாக ஒரு பயன் கிடைத்தது.

மூவரும் சண்டையின் மிச்சத்தோடு உள்ளே வந்தார்கள். மகன்தான் முதலில் பார்த்தார்.

"அப்பா எங்க பார்க்கிறார்?"

"என் மலையை!" மாப்பிள்ளைக்குப் பூரிப்பு தாங்கவில்லை.

"உங்க மலையா? மலையை வைக்கச் சொன்னது நீங்கதானா?" தங்கை கணவனை ஒரு பார்வை பார்த்தாள். பரம்பரைச் சொத்து வீணாகவில்லை. மாப்பிள்ளை கல்லானார். "அண்ணா, இது அப்பா மாதிரியே இல்ல. யாரோ பஸ்ஸுக்கு நிக்கிறவர் மாதிரி இருக்கு."

"எடுங்க தம்பி அதை!" மகன் மேசையைத் தட்டினார். "பார்வைல கை வைக்காதீங்கன்னு படிச்சுப் படிச்சு சொன்னேன்ல?"

பவுடர் 'அம்மா' லேயருக்குப் பக்கத்திலிருந்த கண் படத்தின் மேல் அம்புக்குறியைக் கொண்டுபோனான். அழுத்துவதற்குள் ஒரு கை வந்து அவன் மணிக்கட்டைப் பிடித்தது. வயதுக்குப் பொருந்தாத இறுக்கம்.

"நான்தான் மாத்தச் சொன்னேன்," என்றார்கள் அம்மா. "இதையே மாட்டு."

"என்னம்மா விளையாடுறீங்க? அப்பா நம்மளைப் பார்க்காம எங்கேயோ பார்த்துட்டிருந்தா நல்லாவா இருக்கும்?"

அம்மா திரையை நிமிர்ந்து பார்த்தார்கள். இந்தத் தடவை நாற்காலியை நகர்த்தவில்லை.

"இருக்கும்டா. இனிமேலாவது நான் தட்டுல ரெண்டாவது தடவை சோறு போட்டுச் சாப்பிடுவேன்."