ஸ்டேஷன் வாசலில் மார்கழி

மார்கழி பிறந்துவிட்டால் திருவொற்றியூரின் வைகறை வேறு முகம் கொள்ளும். ஆலைப் புகையும் கடற்பனியும் ஒன்றாய்க் கலந்து வீதிகளில் தவழ, அந்த மங்கலுக்குள் கோயில் மணியோசை நனைந்தாற்போல் கனத்து வரும். உறங்குவோரை எழுப்புதற்கென்றே வாய்த்த திங்கள் அது. பாடிவரும் வழியில் சாத்திய கதவைக் கண்டால், அது திறக்கும்வரை அவ்விடம் விட்டு அகலாதிருத்தல் கெங்கம்மாவின் தெருப் பெண்களது பஜனைக் கோஷ்டி காத்துவந்த நெறி.

அன்று கைத்தாளம் கெங்கம்மாவிடம் இருந்தது. அது அவள் மகள் கார்குழலியினுடையது. எண்ணூர்ப் பக்கத்துத் தையல் கம்பெனிக்குப் போன பெண் முந்தாநாள் மாலை வீடு திரும்பவில்லை. வேதமாணிக்கம் கடை டெலிபோன் பூத்திலிருந்து கெங்கம்மா போலீஸின் நூறாம் எண்ணுக்கு அழைத்தாள். "ஸ்டேஷனுக்குச் சொல்லியாச்சும்மா, வண்டி வரும்" என்றது ஒரு குரல். வண்டி வரவில்லை. மறுநாள் நேரில் போனபோது, சப்-இன்ஸ்பெக்டர் நாற்காலியிலிருந்து முதுகை எடுக்காமலே சொன்னார்: "அப்படி எந்தத் தகவலும் இங்க வரல. எவன்கூடவாவது போயிருப்பா. நாலு நாள்ல தானா வருவா."

பசியையும் பழியையும் பொறுத்துப் பழகியவள்தான் கெங்கம்மா. ஆயினும், தான் கூப்பிட்ட குரல் எவர் செவியிலும் விழவேயில்லை என்னும் பொய்யை அவளால் பொறுக்க இயலவில்லை. மகளைத் தேட வேண்டிய கால்கள் மேசைக்கடியில் நீண்டு கிடந்த காட்சி நெஞ்சில் கனலாய்க் கிடந்தது.

கோயிலுக்குத் திரும்பும் முனையில் அவள் நின்றாள்.

"இன்னா கெங்கம்மா, நின்னுட்ட?" என்றாள் முன்னே விளக்கேந்திச் சென்ற தாயம்மா.

"இங்க ஒரு கதவு சாத்திக்கினு கீதுக்கா. அத்த வுட்டுட்டுப் போனா பாட்டு இன்னாத்துக்கு?"

தாயம்மா முனையில் கதவடைத்துக் கிடந்த காவல் நிலையத்தைப் பார்த்தாள். பிறகு விளக்கை உயர்த்திப் பிடித்து, அவளே முதலில் நடந்தாள்.

பாட்டு படிக்கட்டில் தொடங்கிற்று. முடிந்ததும் மறுபடி தொடங்கிற்று. கதவு திறந்தது. சட்டைப் பொத்தானைப் போட்டபடி சப்-இன்ஸ்பெக்டர் வந்தார்.

"கோயில் அந்தப் பக்கம்மா. இங்க என்ன கச்சேரி?"

"சாமி முழிச்சிகினுதான் கீது சார். தூங்கறவங்கள எழுப்ப வந்தோம். நான் போன் பண்ணது வந்துச்சா, இல்லியா? அத்தச் சொல்லு."

"வரலன்னு சொன்னேனே."

"வந்துச்சு சார்." அவருக்குப் பின்னால் நின்ற பெண் காவலர் ஜெரினா முகம் தாழாமல் சொன்னாள். "கன்ட்ரோல் ரூம்லருந்து சொன்னத வயர்லெஸ் மைக்ல நான்தான் எடுத்தேன். உங்ககிட்டதான் சொன்னேன்."

ஒரு பெண்ணும் நகரவில்லை. அவர் ஜெரினாவை முறைத்தார், வாசலில் நின்றவர்களைப் பார்த்தார்.

"டிரைவரக் கூப்பிடு."

"நானும் வரேன்" என்றாள் கெங்கம்மா. அவர் மறுக்கவில்லை.

ஜீப் உறுமிக்கொண்டு நின்றது. கெங்கம்மா கைத்தாளத்தைக் கண்களில் ஒற்றித் தாயம்மாவிடம் கொடுத்தாள். "அவ வந்து வாங்கிக்குவா." பனிக்குள் பாதி மறைந்த கோபுரத்தை நோக்கிக் கைகூப்பினாள். தாயம்மாவின் விளக்குத்தட்டிலிருந்த திருநீற்றை நெற்றியில் இட்டுக்கொண்டாள். வண்டியில் ஏறுமுன், படியில் தனித்து நின்ற ஜெரினாவின் தலைமேல் நீறு படிந்த கையை வைத்தாள்.

"நல்லா இரு கண்ணு. எந்தக் கதவாண்ட நின்னு கூப்ட்டாலும் உன் கொரலு வீணாப் போவாது."