ஸ்டூடியோக்காரர் கண்ணில் படாதவர்கள்

குடும்பப் படத்துக்கு நிறம் ஏற்றிய அன்று சாயங்காலம் ஸ்டூடியோக்காரரின் மனைவி கண்ணுக்குத் தெரியாமல் போனாள். முதலில் படத்தில் சுவரோடு சுவராக வெளிறினாள். விளக்குப் போடும் நேரத்துக்குள் வீட்டிலும் அப்படியே. குரல் இருந்தது, நடமாட்டம் இருந்தது, வேளாவேளைக்குச் சாப்பாடு வந்தது. அதனால் அவருக்குப் பல வாரம் விஷயமே தெரியாது.

தப்பு அந்த மகானுபாவருடையதுதான். மனிதக் கண் எதைக் கவனிக்குமோ அதைத் துலக்கிக் காட்டி, கவனிக்காததை அடக்கிவிடுகிற மென்பொருள் ஒன்றைக் கடைக்கு வாங்கியிருந்தார். அதைப் பழக்க, திரையில் வரும் நிறங்களிலும் முகங்களிலும் கண்ணில் படுவதற்கெல்லாம் பொத்தானை அமுக்க வேண்டும். பல பேரை உட்கார வைத்துச் சராசரி எடுங்கள் என்று விற்க வந்தவன் தலைப்பாடாக அடித்துக்கொண்டான். "நாலு பேரு எதுக்கு? தொழில்ல ஊறின கண்ணுப்பா இது" என்று தன் கண்ணையே கொடுத்தார். அந்தக் கண்ணின் லட்சணம், காரின் மினுமினுப்பும் பெரிய மனிதர்களின் கைக்கடிகாரமும் ஒன்றுவிடாமல் பட்டன. வீட்டு முகங்கள் வந்தபோது மனிதர் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தார். மகள் தப்பித்ததே கழுத்தில் கிடந்த சங்கிலியால்தான்.

ஊரும் லேசுப்பட்டதல்ல. அவர் திருத்திய கல்யாணப் படங்களில் பரிமாறியவர்கள், ஒண்டிக்கொண்டிருந்த அத்தைகள், வேலையில்லாத மைத்துனர்கள் எல்லாரும் கரைந்தார்கள். பிறகு வீடுகளிலும் கரைந்தார்கள். ஒருவரும் சண்டைக்கு வரவில்லை. இப்போதுதான் படம் பளிச்சென்று இருக்கிறது என்று கூடுதல் பிரதி வாங்கிப் போனார்கள். வெட்கம் கெட்ட ஜனங்கள்.

மகள் மட்டும் பயந்தாள். அம்மாவின் கையைப் பிடிக்கப் போனால் விரல்கள் தண்ணீராக நழுவின. குரலும் தேய்ந்துகொண்டு வந்தது.

"அம்மா, இருக்கியா?"

"இருக்கேன்டி. அடுப்பைப் பாரு."

இன்னும் கொஞ்ச நாளில் இந்தப் பதிலும் வராது என்று அவளுக்குப் புரிந்தது. அப்பாவிடம் சொன்னாள். "சாப்பாடு வருதுல்ல, அப்புறம் என்ன?" என்றார். அவரோடு பேசுவது வீண் என்று ஸ்டூடியோவை உள்ளே தாழிட்டுக்கொண்டு, மென்பொருளை முதலிலிருந்து தன் கண்ணால் பழக்கினாள். குடும்பப் படத்தை மறுபடி ஏற்றினாள். அம்மா கொஞ்சம் கொஞ்சமாக வந்தாள்: புறங்கையில் எண்ணெய் தெறித்த தழும்பு, காதோர நரை, புருவத்துக்கு மேல் மச்சம், வெளுத்துப்போன ஊதா உடுப்பு. மகள் மேசையில் தலை வைத்து அழுதாள். மற்ற வீட்டுப் படங்களையும் இலவசமாகத் திருத்தித் தருவதாகக் கடை வாசலில் எழுதி வைத்தாள். ஒரு குடும்பமும் வரவில்லை.

அம்மா திரும்பி வந்த மறுநாள் மத்தியானம் ஸ்டூடியோக்காரர் சாப்பிட உட்கார்ந்தார். தட்டு வைத்தவளை ஏற இறங்கப் பார்த்தார். முகத்தில் கொஞ்சம் மரியாதைகூட வந்தது. மகளை ஓரமாகக் கூப்பிட்டு, "யாரும்மா இவங்க? நம்ம வீட்டுக்கு எப்ப வந்தாங்க?" என்று கேட்டார்.

மகள் வாய் திறக்குமுன் மனைவி பதில் சொன்னாள். "நேத்துதாங்க வந்தேன். இனிமே கடையை நான் பாத்துக்கப்போறேன். உங்க சாப்பாட்டை நீங்களே போட்டுக்கோங்க."

"சரிங்க" என்றார் அவர். இன்றுவரை அவளிடம் வாங்க, போங்க என்றுதான் பேசுகிறார். அவளும் திருத்தவில்லை.