பன்னிரண்டாம் உறை

“இது உருண்டையா, முட்டையா? யோசிக்காம சொல்லு.”

பெரியம்மா மகள் என் முகத்துக்கு நேரே ஒரு படத்தை நீட்டிக் கேட்டாள். சாம்பல் நிறத்தில் ஏதோ ஒரு துகள். “முட்டை” என்றேன். அன்றைக்கே அவளுடைய ஆய்வுக்கூடத்தில் எனக்கு வேலை கிடைத்துவிட்டது.

அக்கா பிளாஸ்டிக்கை ஒரு திரவத்தில் கரைத்து, சோப்புத் தண்ணீரில் விட்டுக் கலக்குவாள். பால் போல வெளுத்துவிடும். அதற்குள் கண்ணுக்குத் தெரியாத கோடித் துளிகள். திரவம் மெல்ல ஆவியாக ஆக, ஒவ்வொரு துளிக்குள்ளும் பிளாஸ்டிக் தானாகவே அடுக்கடுக்காக அமைந்து துகளாகும். ஒரே சோப்பு என்றால் உருண்டை. இரண்டு சோப்பைச் சரியான அளவில் கலந்தால் முட்டை. அந்த அளவைத்தான் மூன்று வருடமாகத் தேடுகிறாள்.

மைக்ரோஸ்கோப் படங்கள் உறையில் வரும். ஒவ்வொரு துகளும் உருண்டையா முட்டையா என்று குறித்து எண்ணிக் கொடுப்பது என் வேலை. மேலே எண் மட்டும் இருக்கும். எது எந்தக் கலவை என்று சொல்லமாட்டாள்.

“என்ன வேணும்னு தெரிஞ்சா கண்ணு அதைத்தான் பாக்கும். உனக்குத் தெரியாது. அதனாலதான் நீ.”

“படிப்பை ஒன்பதாவதோட நிறுத்தினதுக்கு இப்பதான் ஒரு மரியாதை கிடைச்சிருக்கு” என்றார் வீட்டில் அவள் கணவர். அக்கா முறைத்ததும் செய்தித்தாளுக்குள் புகுந்துகொண்டார்.

ஒரு பிற்பகல், பக்கத்து அறையில் அவள் பேராசிரியரிடம் போனில் பேசுவது கேட்டது. “பன்னிரண்டுதான் சார் கடைசி. அதுல தொண்ணூறு சதவீதம் முட்டையா வரலைன்னா இதை விட்டுடறேன்.” குரல் உடைந்திருந்தது.

பன்னிரண்டாம் உறை என் மேசையில் பிரிந்து கிடந்தது.

லேசாக நசுங்கிய உருண்டைகள் நிறைய இருந்தன. முன்பு அப்படிப்பட்டவற்றை உருண்டை என்றே குறித்திருந்தேன். இப்போது முட்டை என்று குறித்தபோது பொய் சொல்வதாகவே தோன்றவில்லை. நிஜமாகவே முட்டையாகத் தெரிந்தன. நூற்றுக்குத் தொண்ணூற்றொன்று.

அக்கா என்னைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினாள். “எருமை, என்ன கனம் கனக்குறே!”

மறுவாரம் கட்டுரையை எழுதி முடித்தாள். “கடைசியில நன்றின்னு உன் பேரைப் போட்டிருக்கேன். உன் கண்ணை நம்பித்தானே எல்லாம்.”

“போடாதேக்கா.”

“ஏன்டி, கூச்சமா?”

“அன்னைக்கு நீ போன்ல பேசினது கேட்டுச்சு. பன்னிரண்டுல முட்டைதான் வேணும்னு தெரிஞ்சேதான் எண்ணினேன். நேத்து திரும்பப் பாத்தேன். இருபதுக்கு மேல சந்தேகமா இருக்கு.”

“அப்ப சரியா எத்தனை?”

“தெரியலைக்கா. இனிமே நான் எண்ணினா சரியா வராது.”

திட்டுவாள் என்று காத்திருந்தேன். அவள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணாடியைக் கழற்றி முகத்தைத் துடைத்தாள். கணினியை அணைத்தாள். பிறகு வெள்ளைக் கோட்டை மாட்டி, அலமாரியிலிருந்த இரண்டு சோப்புக் குப்பிகளையும் எடுத்துக்கொண்டு கலவை அறைக்குப் போனாள்.