கம்பெனி பேசுறேன்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையை நான் தேடிப் போகவில்லை. மட்டாஞ்சேரிக் கடைத்தெருவில் அரைக்கிலோ சுக்கு வாங்கப் போனேன். கதையோடு வந்தேன், சுக்கை மறந்துவிட்டேன்.

2

'கப்பல் ஊதியபோது நசீபா...'

(வேண்டாம். கப்பல் ஊதாமல் கொச்சியை எழுதவே முடியாதா?)

சரி. நசீபாவும் தம்பி அப்ஸலும் நடத்தும் சுக்குக் கம்பெனியில் ஒரே போன். நாற்காலியில் யார் இருக்கிறாரோ அவர் எடுத்து, பெயர் சொல்லாமல், "கம்பெனி பேசுறேன்" என்பார். வாப்பா காலத்துப் பழக்கம்.*

* பெருநாளிலிருந்து அக்காளுக்கும் தம்பிக்கும் பேச்சில்லை. ஏன் என்று கேட்டேன். ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள்.

3

இனிப் பணம் அனுப்பக் கம்பெனிக்கு டிஜிட்டல் அடையாளம் வேண்டும் என்றது வெளிநாட்டு வியாபாரியின் வங்கி. கம்பெனிக்காகப் பேசும் ஒருவர் தன் கைபேசியில் முகம் காட்டிப் பதிய வேண்டும். நசீபா பதிந்தாள். அவளிடம் சொல்லாமல் அப்ஸலும் பதிந்தான். ஒரே பெயரில் இரண்டு கம்பெனி! வங்கி இரண்டையும் நிறுத்திவிட்டது. சரக்கு வல்லார்பாடம் துறைமுகத்தில் கிடக்கிறது. ஒரு பதிவை அழித்தாக வேண்டும். அழிக்கப்படுபவர் இனிக் கம்பெனி அல்ல.

(அப்ஸலை வில்லனாக்கி ஒரு பத்தி எழுதினேன். சாயா வாங்கித் தந்தான். அந்தப் பத்தியை அடித்துவிட்டேன்.)

4

"நீ எந்தினாடா பதிஞ்சே?" ஏன் என்று தம்பியைக் கேட்டாள் நசீபா, பெருநாளுக்குப் பிறகு முதல் தடவையாக.

"இத்தா பதிஞ்சது எனக்கெப்படித் தெரியும்? எங்கிட்ட பேச்சில்ல, மிண்டுறதே இல்லியே!"

நசீபா என் பக்கம் திரும்பினாள். "சாரே, நீங்க கதை எழுதுற ஆளுதானே. சொல்லுங்க, கம்பெனி யாரு?"

நல்லவேளை, போன் அடித்தது. வங்கியிலிருந்து. அவள் ஸ்பீக்கரில் போட்டாள்.

"யாரு பேசுறது?"

"கம்பெனி பேசுறேன்," என்றார்கள் இருவரும், ஒரே மூச்சில். அப்ஸலுக்குச் சிரிப்பு வந்தது. நசீபாவுக்குக் கண் கலங்கியது.

"யாராவது ஒருத்தர் பேசுங்க. யாரை வைக்கணும், யாரை அழிக்கணும்?"

நான் எழுந்து ஓடி வந்துவிட்டேன். சுக்கை மறந்தது அப்போதுதான்.

5

முடிவு ஒன்று: நசீபா விட்டுக்கொடுக்கிறாள். (அம்மிக்கல்லாவது நகரும், அவள் நகரமாட்டாள்.)

முடிவு இரண்டு: அப்ஸல் தனிக்கடை போட்டு, ஊருக்கு அந்தப் பக்கம் வைட்டிலாவில்...

முடிவு மூன்று: இருவர் முகமும். (திரையில் ஒரு முகத்துக்குத்தான் இடம். இதையும் யோசித்துப் பார்த்தேன்.)

தெருவில் நின்று ஜன்னல் வழியாகப் பார்த்தது மட்டும் நிச்சயம். நசீபா போனைத் தம்பி பக்கம் தள்ளினாள். அவன் அக்காள் பக்கம் தள்ளினான். அவள் மறுபடியும் தள்ளினாள்.

போன் இப்போது மேசை நடுவில் இருக்கிறது. வங்கிக்காரர் காத்திருக்கிறார். யாரை அழிக்கலாம் என்று நீங்களே சொல்லிவிடுங்கள். எனக்கு இரண்டு பேரும் வேண்டும்.